ஆறடி முன்னே, ஆறடி பின்னே

ஞாயிறு பத்தரைக்குத் தகரக் கொட்டகையைத் திறப்பேன்.
முதலில் வெளியே வருவது மூட்டம்.
ராத்திரி முழுக்க வண்டியோடு அடைந்து கிடந்தது அதுதான்.
பானட்டைத் தூக்கிக் கம்பி முட்டுக் கொடுத்து
பேட்டரித் தலையில் பூத்த பச்சையை
வெந்நீர் ஊற்றிக் கழுவி
மைனஸ் வயரை மாட்டுவேன்.
சீட்டில் வாராவாரம் வெள்ளைப் பூசணம்.
தைலம் தொட்டுத் துடைத்தால்
சளி பிடித்த ஆள் மாதிரி மணக்கும் வண்டி.

ஒருமுறை ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு.
பிரித்தால் பச்சை நூல்,
மார்கழியில் காணாமல் போன என் மஃப்ளர்.
உள்ளே குட்டிகள் நான்கு, கண் திறக்காதவை.
அந்த வாரம் வண்டியைத் தொடவில்லை.
பேட்டரி டவுன் சார் என்று சொல்லிவிட்டேன்.

சார் என்றால் எப்ராயிம் சார்.
முட்டிக்கு ஸ்டீல் வைத்த பிறகு
நாகர்கோவிலில் மகள் வீட்டோடு சரி, மலை ஏறுவதில்லை.
ஆராதனை முடிந்து பதினொன்றுக்கு போன் வரும்.
"என்ஜின் கிட்ட வை, பொன்னுமணி."
வைப்பேன்.
எண்பத்து நாலாம் வருஷத்து ஃபியட்,
சோக்கை இழுத்தால் இருமும், விட்டால் முனகும்,
மூன்றாம் தடவை பிடித்துக்கொள்ளும்.
"டேப்பெட் அடிக்குதே?"
"தகரத்துல மழை சார்."
சில நாள் அது உண்மையாகவும் இருக்கும்.

பிறகு டயருக்கு அடியிலிருந்து கல்லை எடுத்துவிட்டு
ஆறடி முன்னே, ஆறடி பின்னே.
நின்ற இடத்திலேயே நின்றால் டயர் தட்டையாகும்.
லைசென்ஸ் கிடையாது எனக்கு.
கொட்டகைக்கும் ஹைட்ராஞ்சியாவுக்கும் நடுவே
எந்தப் போலீஸ் வந்து கேட்கும்?
ஹேண்ட்பிரேக் மட்டும் போடக் கூடாது,
ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் விடாது.
மீட்டரின் கடைசி எண்
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் தொங்குகிறது நாலு வருஷமாய்.
முன்னே போகையில் எட்டு ஒரு மயிரிழை எட்டிப் பார்க்கும்,
ரிவர்ஸில் உள்ளே போய்விடும்.
கொடுத்த தூரத்தை நானே திரும்ப வாங்கிக்கொள்வேன்.

ஆவணியோடு எஃப்.சி. முடிகிறது.
ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோக
மெக்கானிக் போஜன் வந்தார்.
வியாழன் என்றிருந்ததைச் செவ்வாய்க்கு மாற்றியிருந்தார்கள்,
சாரிடம் சொல்ல விட்டுப்போயிற்று.
புது பிளக், புது பெட்ரோல், பிரேக் ஆயில்.
"நீயும் ஏறும்மா. இதுக்கு எங்க வலிக்கும்னு உனக்குத்தான் தெரியும்."

இடப்பக்கம் உட்கார்ந்தேன், முதல் தடவையாக.
ஹைட்ராஞ்சியா தாண்டியதும்
கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.
ஆறடி முடிந்துவிட்டதே.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குள் எட்டு,
மார்க்கெட் தாண்டி ஒன்பது.
கட்டபெட்டுக்கு மேல் மீட்டரைப் பார்க்கவில்லை,
பார்க்க வேறு நிறைய இருந்தது.

இன்ஸ்பெக்டர் சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்தார்.
ஹார்ன் அடித்தார், லைட் போடச் சொன்னார்.
"நல்லா வச்சிருக்கீங்க" என்றார் போஜனிடம்.
போஜன் என் பக்கம் கை காட்டுவதற்குள்
அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது, தொட்டபெட்டா இறக்கம் முடிந்து
கேரட் கழுவும் இடத்துக்கு அப்பால்
கொஞ்சம் நேர் ரோடு.
"இறக்கத்துல போடக் கூடாது, இங்க பரவால்ல"
ஸ்டியரிங் பக்கத்துக் கம்பியை ஒரு தட்டு தட்டினார்.
இருமல் இல்லை, முனகல் இல்லை.
இதற்குள் இப்படி ஒரு குரலா?
நாலாவது கியர்.
வண்டியை எனக்குத் தெரியும் என்று இருந்தேன்.
தெரிந்ததெல்லாம் முதலும் ரிவர்ஸும்.

சாரைக் கூப்பிட்டேன்.
ஒன்றும் பேசாமல் டேஷ்போர்டில் போனை வைத்தேன்.
கொஞ்ச நேரம் கேட்டார்.
"பொன்னுமணி, பஸ்ஸிலயா இருக்க?"
போஜன் என்னைப் பார்த்தார்.
"வியாழக்கிழமை ஊட்டி போகணும் அது.
வீட்டுக்குப் போனதும் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிடு."
"பண்ணிடறேன் சார்."

முன்னால் வளைவு.
போஜன் மூன்றுக்கு இறக்கினார்.